சூடான காற்றுக்கு ஃபில்டர் பை வாங்குகிறீர்களா? தைத்த நூலையும் எரித்துப் பாருங்கள்

டிரையரிலிருந்து வரும் காற்று எங்கள் டஸ்ட் கலெக்டருக்குள் (துணிப் பைகளால் காற்றிலிருந்து தூசியை வடிகட்டும் பெட்டி) 160, 170 டிகிரியில் நுழைகிறது. இந்தச் சூட்டுக்குப் பாலியஸ்டர் பை ஆகாது. தொடர்ந்து ஓட்டினால் 130, 135 டிகிரிதான் அதன் எல்லை. 200 டிகிரி வரை தாங்கும் அராமிட் என்ற செயற்கை இழையில் செய்த ஃபெல்ட் துணி, சதுர மீட்டருக்கு 500 கிராம் என்று ஆர்டரில் எழுத்துபூர்வமாகவே கொடுத்தோம். சாம்பிள் வந்தது, அசல் சரக்கு. பிறகு மொத்த லோடும் வந்து இறங்கியது. கூடவே முத்திரையும் கையெழுத்துமாக ஒரு டெஸ்ட் சர்டிபிகேட்.

சில வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பைகளின் டிஃபரன்ஷியல் பிரஷர் (பைக்கு உள்ளும் வெளியும் உள்ள காற்றழுத்த வித்தியாசம்) மளமளவென்று இறங்கியது. ஷிஃப்ட் ஆபரேட்டருக்குச் சந்தோஷம், "பேக் நல்லா க்ளீன் ஆகுது சார்" என்றார். அப்படித் திடீரென்று இறங்கினால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்றுதான் பொருள். சிம்னியில் தூசி தெரிய ஆரம்பித்தது. கீழே, சேரும் தூளைச் சுழன்று வெளியேற்றும் ரோட்டரி வால்வு இறுகி நின்றது. அங்கிருந்து சைலோ என்ற சேமிப்புத் தொட்டிக்குக் காற்றால் தூளைத் தள்ளும் நியூமேட்டிக் லைனும் நின்றுபோனது. வால்வைக் கழற்றினால், பையின் அடித்துணி வட்டம் கலையாமல் அப்படியே ரோட்டருக்கும் கேசிங்குக்கும் நடுவே மாட்டியிருந்தது.

மேலே திறந்து பைகளை உருவினோம். பெரும்பாலானவற்றில் துணிக்கு ஒன்றுமே ஆகவில்லை, தையல்தான் நீளவாக்கில் பிளந்திருந்தது. நூலை விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. அராமிட் துணியைப் பாலியஸ்டர் நூலால் தைத்திருக்கிறார்கள்! சர்டிபிகேட் பொய்யில்லை. ஆனால் அது மில்லிலிருந்து வந்த ஃபெல்ட் ரோலுக்கானது. தைத்த பையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இன்னும் மோசம், சில பைகளில் துணியே பாலியஸ்டர். சூட்டில் சுருங்கி, விறைத்து, பைக்குள்ளே இருக்கும் கம்பிக் கூடான கேஜைக் கவ்விப் பிடித்துக்கொண்டதால் கத்தியால் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. புதிதாக இருக்கும்போது இரண்டும் வெள்ளைதான், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

சப்ளையரைக் கேட்டால் முதலில் "உங்க டெம்பரேச்சர் எகிறியிருக்கும்". ரெக்கார்டர் சார்ட்டை அனுப்பினோம். அடுத்து "காத்துல ஈரம் ஜாஸ்தி". சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் அராமிட் பலவீனமாகும், உண்மைதான். அப்படியென்றால் துணியும் அல்லவா போயிருக்க வேண்டும்? அதன்பிறகு போனே எடுப்பதில்லை.

பைகளை மாட்டுவதற்கு முன் ஒரு மூலையில் துணியை வெட்டி, நூலையும் தனியே உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள், வெட்டவெளியில். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், ஆறினால் கறுப்பாகக் கெட்டியான மணி நிற்கும். அராமிட் உருகாது, கருகும். தீயை எடுத்தால் அணைந்துவிடும். ஒரே ஒரு பையோடு நிறுத்தாதீர்கள், பண்டலுக்கு ஒன்றாவது பாருங்கள், கலந்துதான் அனுப்புகிறார்கள். எடைக்கு 10 செ.மீ. சதுரம் வெட்டி நிறுத்தால் போதும். 500 கிராம் ஃபெல்ட் என்றால் 5 கிராம் காட்ட வேண்டும். ஆர்டரில் நூலின் ரகத்தையும் எழுதுங்கள், ரோல் எண் ஒவ்வொரு பையிலும் அச்சாகி வரவேண்டும் என்றும் கேளுங்கள்.

அதே ஆளிடம் சைலோ உச்சி ஃபில்டருக்கு ஆன்டிஸ்டேட்டிக் (நிலைமின்சாரம் தேங்காத) பைகளும் வாங்கியிருந்தோம். குழாயில் உரசிக்கொண்டே வரும் தூள் மின்னேற்றத்தோடுதான் வரும், எரியும் தூசியென்றால் ஒரு பொறி போதும். ஸ்டீல் இழை கலந்த ஃபெல்ட் கேட்டோம். வந்தது சாதாரண ஃபெல்ட், வாயில் மட்டும் ஒரு செம்பு எர்த் பட்டி தைத்து. துணியே மின்சாரத்தைக் கடத்தாதபோது அந்தப் பட்டி எதை எர்த்துக்கு இறக்கும்? மின்தடையை அளக்கும் மெகரில் பார்த்தோம். இப்படிப்பட்ட துணியில் 10 கோடி ஓமுக்குள் இருக்க வேண்டிய மேற்பரப்புத் தடை, மெகர் காட்டும் அளவையே தாண்டிப் போனது. நல்லவேளை, மாட்டவில்லை. அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், வக்கீல் நோட்டீஸும் போயிருக்கிறது.