சாங்கி – கோலாலம்பூர்: வானத்தில் 40 நிமிடம், மீதியெல்லாம் தரையில்

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நண்பர், வார இறுதியில் கோலாலம்பூர் போக விமானமா, பஸ்ஸா என்று நேற்று கேட்டார். ஆறு வருடமாக மாதம் ஒரு தடவையாவது கோலாலம்பூருக்குப் பக்கத்துல உள்ள கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்கு விமானத்தில் போய் வருகிறேன். போன வாரம் இரண்டு மணி நேரம் தாமதம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நேர்க்கோட்டில் தூரம் 300 கிலோமீட்டர்கூட வராது. டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் என்று போட்டிருக்கும். ஆனால் சக்கரம் தரையை விட்டு எழுந்து திரும்பத் தரையைத் தொட 40, மிஞ்சினால் 45 நிமிடம்; பல தடவை கடிகாரத்தில் பார்த்துவிட்டேன். புறப்படும் இடத்தில் நகர ஆரம்பித்ததிலிருந்து போய்ச் சேர்ந்து நிற்கும்வரை எல்லாமே டிக்கெட் கணக்கில் பயண நேரம்தான். ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதும் அதில் சேர்த்தி.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீட்டு வாசலிலிருந்து வாசல் வரைக்குமான கணக்குதான் எரிச்சல். சாங்கி விமான நிலையத்தில் 9 மணி விமானத்துக்கு, சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் இருக்கும் என் வீட்டிலிருந்து 6 மணிக்கே கிளம்ப வேண்டும். பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, பறப்பு, அங்கே நீள நடை, குடிநுழைவு வரிசை. வெளியே வந்தால் நிற்பது செப்பாங்கில்; 1998-இல் கோலாலம்பூரின் முக்கிய விமான நிலையம் சுபாங்கிலிருந்து அங்கே போய்விட்டது. நகரத்துக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம் என்பது உண்மையிலேயே நல்ல வசதி, ஆனால் கிள்ளானுக்கு அது உதவாது. அக்கா வீட்டுப் படியேறும்போது மணி 12. மொத்தம் ஆறு மணி நேரம்! மலேசியாவுக்குப் போகும் எல்லைப் பாலத்தில் நெரிசல் இல்லாத நாளில் பஸ்ஸும் ஐந்தாறு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறக்கிவிடும்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து இரவு வரை விமானம் இருக்கிறது. 2018-இல் விமானப் பயணத் தரவு நிறுவனமான ஓஏஜி வெளியிட்ட பட்டியலில் உலகிலேயே அதிக விமானங்கள் பறந்த பன்னாட்டு வழித்தடம் இதுதான்: ஓராண்டில் 30,537, அதாவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 84. அவசரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மாமா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மதியம் டிக்கெட் எடுத்து இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அந்த ஜன்னல். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். மேலெழுந்ததும் நங்கூரமிட்ட கப்பல்கள், அப்புறம் மலாக்கா நீரிணை. இறங்கும்போது கோடு போட்ட மாதிரி செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்கள். ஆறு வருடமாகியும் அதைப் பார்க்காமல் நான் கண்ணை மூடியதில்லை.

சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து கோலாலம்பூருக்கு 90 நிமிடத்தில் போகும் அதிவேக ரயிலுக்கு 2016 டிசம்பரில் இரு நாடுகளும் கையெழுத்திட்டபோது, இனி மாதம் இரண்டு தடவை போகலாம் என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன். 2021 ஜனவரி 1-ஆம் தேதி அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. நடுவில் இருப்பது 350 கிலோமீட்டர் தண்டவாளம்தானே.

சரி, நண்பருக்குப் பதில்: பஸ்ஸில் போங்க. வெள்ளிக்கிழமை இரவு மட்டும் வேண்டாம். நான் அடுத்த மாதத்துக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டேன், இடப்பக்க ஜன்னல்.