பேராதனையா, பதுளையா? கிறிஸ்தவ மாணவர் ஊழியப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

நான் மட்டக்களப்புப் பக்கம். ஆறு மாதம் பேராதனை, ஆறு மாதம் பதுளை என்று இரண்டு கம்பஸிலும் பயிற்சி ஊழியனாக இருந்துவிட்டேன். மாணவர்களைச் சந்திப்பதும், அவர்களோடு பைபிள் படிக்கும் வேதபாடம் நடத்துவதும்தான் வேலை.

பேராதனையில் ஆட்களுக்குக் குறைவில்லை. 1952இல் அங்கே வந்த பல்கலைக்கழகம், மகாவலியின் இரண்டு கரையிலும் பீடங்கள். நேரம் பொருத்துவதுதான் பாடு. கலைப் பீடத் தங்கச்சிக்கு ஓய்வு என்றால் பொறியியல் தம்பிக்கு விரிவுரை, நடுவில் அக்பார் பாலத்தில் நடந்தே என் செருப்புத் தேய்ந்தது.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ 2005இல் வந்த சின்னப் பல்கலைக்கழகம். வேதபாடத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அன்று பெரிய கூட்டம். ஆனால் அந்தப் பத்துப் பேரையும் வீடுவரை தெரியும். ஒரு சனிக்கிழமை ஒரு பையன் தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். அவனுடைய அம்மா கொழுந்து பறிக்கக் கிளம்பும் அவசரத்தில், அட்டைக் கடிக்காகக் காலில் சவர்க்காரம் பூசியபடியே, "தம்பி, ரொட்டி ஆறிடும், சம்பலோட சாப்பிடுங்க" என்றார். கற்றுக்கொடுக்கப் போனவன் அன்று வாயே திறக்கவில்லை.

சிங்களம் இரண்டு இடத்திலும் வேண்டும். போர்டிங் குளிரும் அப்படித்தான், கம்பளி கொண்டுபோங்கள்.

வீட்டு நினைவு வந்தால்? ஏ5 வீதி பேராதனையில் தொடங்கி, பதுளையைத் தொட்டு, எங்கள் செங்கலடியில் முடிகிறது. பதுளை பாதித் தூரம் கிட்ட.

நிறையப் பேரைச் சந்திக்க ஆசையென்றால் பேராதனை. என்னைக் கேட்டால், சரி, மறுபடியும் பதுளைதான்.