கொழிஞ்சாம்பாறை கேசட் கடை: டேப் சுத்தம், லோகோ அரைகுறை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பழைய விஎச்எஸ் கேசட்டைக் கோப்பாக மாற்றித் தருகிறார்கள். கல்யாண வீடியோவுக்குத் தாராளமாகப் போகலாம். படத்துக்கு முன்னால் சுழன்று வரும் வீடியோ கம்பெனி லோகோவுக்காகக் கேசட் சேர்ப்பவர்கள் மட்டும் கொஞ்சம் விசாரித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இந்த ஊர் மழை ஈரத்துக்குப் பாதி கேசட்டில் பூஞ்சை இருக்கும். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளைப் பொடியாகத் தெரியும். அதை அப்படியே ஓட்டினால் பொடி, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டையும் கெடுக்கும். இங்கே அடியிலுள்ள 5 ஸ்குரூவைக் கழற்றிப் பார்க்கிறார்கள். பூஞ்சை பிடித்ததைத் தனி மெஷினில் ஓட்டித் துடைத்த பிறகுதான் நல்ல டெக்கில் போடுகிறார்கள். கூடு உடைந்திருந்தால் வேறு கூட்டுக்கு மாற்றியும் தருகிறார்கள்.

கோளாறு அதற்குப் பிறகுதான். படம் நிலைத்து நின்ற பிறகே ரெக்கார்டிங்கை ஆரம்பிக்கிறார்கள். பால் (PAL) எனும் நம்மூர் டிவி முறையில் டேப் விநாடிக்கு 23.39 மி.மீ. ஓடுகிறது, 5 விநாடி லோகோ என்பது ஏறக்குறைய 12 செ.மீ. டேப்தான். கேசட்டைப் போடும்போதும் எடுக்கும்போதும் அதிகம் இழுபட்டு மடங்குவதும் அந்த ஆரம்பப் பகுதியே. போதாததற்கு, ப்ளே அழுத்தியதும் டெக் வேகத்தைப் பிடிக்க ஓரிரு விநாடி எடுக்கும். ஆகவே கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, ஒருவாட்டி கடைசிவரைக்கும் ஓட்டி முழுசா ரீவைண்ட் பண்ணிடுங்க. ரெக்கார்டிங்க முதல்ல ஓடவிட்டுட்டு அப்புறம் ப்ளே போடுங்க. முன்னாடி எதையும் வெட்ட வேணாம்." சொன்னால் செய்கிறார்கள், சொல்லாவிட்டால் எழுத்து பாதி திரும்பிய நிலையில்தான் கோப்பே தொடங்கும்.

அடுத்தது 25 ஃபிரேம் விவகாரம். பால் வீடியோவில் விநாடிக்கு 50 ஃபீல்டு, அதாவது பாதிப் படம்; இரண்டு சேர்ந்தால் ஒரு ஃபிரேம். ஸ்கேனிமேட் மாதிரி அனலாக் கணினியில் செய்த லோகோக்கள் நேராக வீடியோவாகவே பிறந்தவை. அவற்றில் ஒவ்வொரு ஃபீல்டிலும் எழுத்து இன்னொரு இடத்தில் இருக்கும். கடையில் இரண்டு ஃபீல்டையும் கலந்து 25 ஆக்கிவிடுகிறார்கள். பளபளத்துச் சுழல வேண்டிய தங்க எழுத்துக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறது. ஃபிலிமில் எடுத்த லோகோவாக இருந்தால் 25 போதும். எது எதுவென்று தெரியாவிட்டால், ஃபீல்டுகளைக் கலக்காமல் அப்படியே விட்ட 720×576 கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். DV எனும் டிஜிட்டல் வீடியோ வடிவில் மணிக்குச் சுமார் 13 ஜிபி வரும், பென்டிரைவைப் பெரிதாகவே கொண்டுபோங்கள். வீட்டுக் கணினியில் ஃபீல்டுகளை முழு ஃபிரேமாக்கும் க்யூடிஜிஎம்சி (QTGMC) மென்பொருளைப் போட்டு 50 ஃபிரேமாக்கிக்கொள்ளலாம்.

திரையின் அடியில் நெளியும் கோடு ஹெட் மாறும் இடம், டேப்பின் குறையல்ல. அதை மறைக்கிறேன் என்று ஓரத்தை வெட்டுகிறார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிச்சம் விட்டுவிட்டு ஏறி இறங்கினால் அது நகலெடுக்கவிடாமல் தடுக்கும் மாக்ரோவிஷன் பூட்டின் வேலை. கடையில் சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் கருவி இல்லை, அப்படிப்பட்ட கேசட்டை இங்கே கொடுத்துப் பயனில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த என்டிஎஸ்சி (அந்த நாட்டு டிவி முறை) கேசட்டும் அப்படித்தான், கறுப்பு வெள்ளையாகத் திரும்பி வரும்.

பணம் கொடுக்கும் முன் கோப்பின் முதல் அரை நிமிடத்தை அங்கேயே ஓட்டிப் பாருங்கள். நீலத் திரையோ புள்ளிமழையோ முதலில் வந்து, அதன் பிறகு லோகோ வந்தால் ஒழுங்காக எடுத்திருக்கிறார்கள்.