தூத்தூர் பக்கம் நடந்த ரெஃப்ரி வகுப்பு: பாடம் அருமை, பரீட்சை சரியில்லை

கால்பந்து ரெஃப்ரி ஆக நினைப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். த்ரோ இன்னிலிருந்து (பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கையால் உள்ளே எறிவது) நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி கோல் பக்கம் நின்று பந்து வாங்கும் தவறு) கிடையாது என்பதைக்கூட கடற்கரை மணலில் கோடு போட்டு, பையன்களை ஓடவிட்டுப் புரியவைத்தார் பயிற்சி கொடுத்த அண்ணன். ஆனால் புத்தகத்தை மூடிவைத்து எழுதச் சொன்ன பரீட்சை எனக்குப் பிடிக்கவே இல்லை. விதிப்புத்தகமே வருடாவருடம் திருத்தப்படுகிறது; 2025-இல் பாருங்கள், கோல்கீப்பர் 8 விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர் கிக் (மைதான மூலையிலிருந்து பந்தை உதைக்கும் வாய்ப்பு) என்று மாற்றிவிட்டார்கள். கார்னர் கொடிக்கம்பம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பதை மனப்பாடமாகக் கேட்டு என்ன பயன், ஆட்டத்துக்கு முன்பு புத்தகத்தைப் பார்த்து அளந்துகொள்ளலாமே? ஆஃப்சைடு, ஹேண்ட்பால் மாதிரி அந்த நொடியிலேயே விசில் ஊத வேண்டியவற்றை மட்டும் புத்தகம் இல்லாமல் கேளுங்கள், அப்புறம் மற்றதற்கெல்லாம் திறந்து பார்க்க விடுங்கள்.