ஏஐ ஏஜென்ட்டுக்கு டூலை எங்கே விளக்கி எழுதுவது? நான்கு வழிகள், ஓர் அலசல்

நாம் எழுதிய கமாண்டுகளை இப்போது ஏஐ ஏஜென்ட்டுகள் (சொன்ன வேலையைப் படிப்படியாகச் செய்து முடிக்கும் ஏஐ ப்ரோகிராம்கள்) தாங்களே ஓட்டுகின்றன. அவற்றுக்காக டூலைப் பற்றி எழுதி வைக்க நான்கு இடங்கள் உண்டு. கமாண்டின் ஹெல்ப், ப்ராஜெக்ட் ஃபோல்டரில் வைக்கும் ஏஜென்ட்ஸ்.எம்டி ஃபைல், எம்சிபி (ஏஜென்ட்டை வெளி டூல்களோடு இணைக்கும் பொது முறை) சர்வரில் ஒவ்வொரு டூலுக்கும் தரும் விவரம், இணையதளத்தில் வைக்கும் எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டி ஃபைல். நாலையும் ஒழுங்காகச் செய்ய யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. எதில் முதலில் கை வைப்பது என்று கேட்டால், ஹெல்ப்பிலும், அதோடு கமாண்ட் தவறும்போது வரும் பிழைச் செய்தியிலும்தான் என்பேன்.

ஃபைல்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் கமாண்டையே பாருங்கள். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஸ்லாஷ் போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் நகலாகும். போடாவிட்டால் ஃபோல்டரே அப்படியே போய்ச் சேரும். மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்திலிருந்து அழிக்கும் டெலீட் ஆப்ஷனோடு ஓட்டும்போது ஒரு ஸ்லாஷ் கூடுதலாக விழுந்துவிட்டால், சேருமிடத்தில் இருந்த சம்பந்தமில்லாத ஃபைல்களும் போய்விடும். மேன் பேஜ், அதாவது கமாண்டின் கையேடு, இதை உதாரணத்தோடு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அது ஆயிரக்கணக்கான வரிகள் நீளம். ஏஜென்ட் பெரும்பாலும் மேலிருந்து கொஞ்சம் படித்துவிட்டு, மீதியைப் பழைய பயிற்சி நினைவிலிருந்து நிரப்பிக்கொள்ளும். மனிதர் என்றால் என்டர் தட்டும் முன் ஒரு நொடி தயங்குவார்; ஏஜென்ட்டிடம் அந்தத் தயக்கத்தை நம்பி இருக்க முடியாது. அதனால் ஆபத்தான ஆப்ஷனை விளக்கும் அதே வரியிலேயே "முதலில் ட்ரை-ரன்னோடு ஓட்டி, அழியப்போகும் பட்டியலைப் பார்" என்று எழுதுங்கள் (ட்ரை-ரன் என்றால் நிஜமாக எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்ப்பது). தனியாக ஓர் எச்சரிக்கைப் பகுதியில் வைத்தால் அதுவரை போய்ப் படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஹெல்ப்பின் பெரிய பலம், அது டூலோடு சேர்ந்தே இன்ஸ்டால் ஆவது. வெர்ஷன் மாறினால் இதுவும் கூடவே மாறும். பிழைச் செய்தி அதைவிட ஒரு படி மேல், ஏனென்றால் தேவைப்படும் நேரத்தில் தானாக வந்து நிற்கிறது. "தவறான உள்ளீடு" என்று மட்டும் சொன்னால் ஏஜென்ட் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி முயன்றுகொண்டே இருக்கும். "தேதி 2025-04-03 வடிவில் வேண்டும், கிடைத்தது 3/4/25" என்றால் அடுத்த முயற்சியிலேயே சரியாகிவிடும். அப்புறம், "ஆம், இல்லை" கேட்டுக் காத்து நிற்கும் டூலாக இருந்தால், கேட்காமல் ஓட்டும் ஆப்ஷனை ஹெல்ப்பின் முதல் சில வரிகளிலேயே சொல்லிவிடுங்கள்.

எம்சிபியை 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்டது. அதில் டூலுக்குப் பெயர், விவரம், என்னென்ன உள்ளீடு என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. ஏஜென்ட் எதையும் தேடிப் போக வேண்டாம், கூப்பிடும் முன்பே கண்ணெதிரே இருக்கும். ஹெல்ப்புக்கு இல்லாத வசதி இது. ஆனால் அந்த விவரத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. "ஆர்டர்களைத் தேடும்" என்று ஒரு வரி எழுதினால் ஏஜென்ட்டுக்கு ஒன்றும் புரியாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "ஆர்டர் எண் தெரியாதபோது வாடிக்கையாளரின் ஃபோன் எண்ணை வைத்துத் தேட. எண் தெரிந்தால் ஆர்டர் விவரம் தரும் டூலைப் பயன்படுத்து. புதியது முதலாக அதிகபட்சம் 20 வரும். காலிப் பட்டியல் வந்தால் அது பிழை இல்லை, ஆர்டர் இல்லை என்று அர்த்தம்." அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால், காலிப் பட்டியலைப் பார்த்த ஏஜென்ட் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கூப்பிடும்.

எம்சிபியின் குறை, செலவு. பல கிளையன்ட்டுகளில் (எம்சிபி சர்வரோடு பேசும் ஆப்களில்) எல்லா டூல்களின் விவரமும் தொடக்கத்திலேயே கான்டெக்ஸ்ட்டில், அதாவது ஏஜென்ட் ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கக்கூடிய அளவான இடத்தில், ஏறி உட்கார்ந்துவிடும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். ஏற்கெனவே இருக்கும் ஓப்பன்ஏபிஐ ஃபைலை (சர்வரிடம் என்னென்ன கேட்கலாம் என்று பட்டியலிடும் ஃபைல்) அப்படியே மாற்றி, நூறு எண்ட்பாயின்ட்டுக்கு (கேட்கும் முகவரிக்கு) நூறு டூல் செய்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒன்றுக்கொன்று சாயலுள்ள டூல்களில் எதை எடுப்பது என்று ஏஜென்ட் குழம்பும். ஒரு வேலை முழுதாக முடியும்படி நாலைந்து டூல்களாகச் சேர்த்துக் கொடுப்பதே நல்லது.

ஏஜென்ட்ஸ்.எம்டி 2025இல் பரவியது. எளிய குறிகள் கொண்ட வெறும் மார்க்டவுன் உரைதான், கட்டாயத் தலைப்புகள் கிடையாது. உள் ஃபோல்டரில் இன்னொன்று இருந்தால், பக்கத்தில் இருப்பதற்கே முன்னுரிமை. ஆந்த்ரோபிக்கின் ஏஜென்ட்டான கிளாட் கோட் இதைக் கிளாட்.எம்டி என்ற பெயரில் தேடுவதால், இரண்டையும் சிம்லிங்க்கால் (ஒரே ஃபைலை இன்னொரு பெயரிலும் காட்டும் இணைப்பால்) இணைத்து வைப்பவர்கள் உண்டு. "டெஸ்டை இந்தக் கமாண்டால் ஓட்டு, மைக்ரேஷன் ஃபோல்டரைத் தொடாதே" போன்ற இந்த ப்ராஜெக்ட்டுக்கே உரிய விஷயங்களுக்கு இதற்கு ஈடு இல்லை. டூலின் முழு ஆப்ஷன் பட்டியலை இங்கே ஒட்டுவது வீண். டூலை அப்டேட் செய்ததும் இந்தப் பிரதி பழசாகிவிடும், ஏஜென்ட்டோ அதையே நம்பும்.

எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டியை 2024 செப்டம்பரில் ஏஐ ஆய்வாளர் ஜெரெமி ஹோவர்ட் முன்வைத்தார். தளத்தின் பெயர், சிறு சுருக்கம், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற இணைப்புகள். பெரிய லைப்ரரியின் ஆவணத் தளத்துக்கு இது உதவும். டூலை ஓட்டும் நேரத்துக்கு இந்த நாலில் கடைசி இடம்தான் கொடுப்பேன். ஏஜென்ட் தானாகப் போய் எடுக்க வேண்டும், எடுத்தாலும் அந்தப் பக்கம் உங்கள் மெஷினில் இருக்கும் வெர்ஷனுக்கானதாக இருக்க வேண்டும்.

எதை எழுதினாலும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முன்கதை எதுவும் தெரியாத புது செஷனைத் திறந்து, ஆவணத்தையும் ஒரு நிஜ வேலையையும் மட்டும் கொடுங்கள். முடிந்ததும் லாகை, அதாவது ஏஜென்ட் செய்தவற்றின் பதிவை, படியுங்கள். ஏஜென்ட் எந்த ஆப்ஷனை இருப்பதாகக் கற்பனை செய்ததோ, எந்தக் கமாண்டை இரண்டு முறை ஓட்டியதோ, அங்கேதான் அடுத்த வரியை எழுத வேண்டும்.