3 வருடமா, 4 வருடமா? பாட எண்ணை முதலில் வாசியுங்கோ

போன கிழமை சித்தியின் மகன் வந்திருந்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் 2ஆம் வருடக் கடைசி. 3 வருடத்தோடு பொதுப் பட்டத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவதா, 4ஆம் வருடமும் இருந்து ஸ்பெஷல், அதாவது சிறப்புப் பட்டம், செய்வதா என்று கேட்டான். நானும் அதே பீடத்தில் இருந்து 4 வருடம் முடித்தவன். அதனால் என்னுடைய பக்கம் எது என்பதை ஒளிக்கப் போவதில்லை.

3 வருடத்துக்கு நியாயங்கள் இருக்கின்றன, அவை எல்லோருக்கும் தெரிந்தவை. வீட்டுக்கு ஒரு வருடம் முந்தி உழைப்பு வரும். அரசாங்கம் பட்டதாரிகளுக்கு நியமனம் கொடுக்கும்போது இந்தத் திகதிக்கு முன் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு கோடு கீறும், அந்தக் கோட்டுக்குள் நிற்க 3 வருடம்தான் வசதி. என்னுடைய பற்ச்சில் ஒருத்தன் அப்படி ஆசிரியர் நியமனத்தோடு போனான். நான் அப்போது லாப்பில் முகவை கழுவிக்கொண்டிருந்தேன். பொறாமையாகத்தான் இருந்தது.

ஆனால் சித்தியின் மகனிடம் நான் கேட்டது வேறு. "தம்பி, உன்ர பாடப் பட்டியலைக் காட்டு."

அதில் ஒரு பாடத்தின் எண் சிஎஸ்சி101ஜி3 என்று இருக்கும். பெடியள் பாடத்தின் பெயரைப் பார்ப்பார்கள், யார் விரிவுரை எடுப்பது என்று பார்ப்பார்கள், எண்ணைப் பார்ப்பதில்லை. முதலில் நிற்கும் சிஎஸ்சி என்ற 3 ஆங்கில எழுத்து எந்தத் துறை என்று சொல்லும், இங்கே கணினி விஞ்ஞானம். அடுத்த 1, முதலாம் நிலை. 01 என்பது வெறும் வரிசை எண். ஜி என்றால் பொதுப் பட்டத்துக்குரியது, அந்த இடத்தில் எஸ் நின்றால் சிறப்புக்குரியது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 3 தான் கிரெடிட், அதாவது அந்தப் பாடத்தின் எடை. ஸ்பெஷலுக்கு எடுபடுவதும் எடுபடாததும் ஜிபிஏ என்ற சராசரிப் புள்ளியில் தங்கியிருக்கிறது, ஜிபிஏ இந்தக் கடைசி இலக்கத்தில் தங்கியிருக்கிறது. 3 கிரெடிட் பாடத்தில் சி (2.0), 2 கிரெடிட் பாடத்தில் ஏ (4.0) எடுத்தால் இரண்டுக்கும் சேர்த்து 2.8. அதே சியையும் ஏயையும் இடம் மாற்றிப் போடுங்கள், 3.2 வரும். உழைப்பு ஒன்றுதான். முதலாம் வருடத்தில் எனக்குப் பிடித்த 2 கிரெடிட் பாடத்தை விடிய விடியப் படித்துவிட்டு, பிடிக்காத 3ஐக் கைவிட்டேன். பிறகு அந்த ஓட்டையை அடைக்க 2ஆம் வருடம் முழுதும் போனது.

இனி 4ஆம் வருடம் எதற்கு என்ற கதை. நாட்டின் கல்வித் தகைமைகளைப் படிப்படியாக அடுக்கி வைக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகம் என்று ஒன்று இருக்கிறது, அதில் 12 படிகள். ஓ.எல். 1ஆம் படி, ஏ.எல். 2ஆம் படி. கம்பஸில் ஒரு வருடப் படிப்பு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று கணக்கு. வருடத்துக்கு ஒரு படியாக ஏறினால் 3 வருடத்தில் 90 கிரெடிட்டோடு 5ஆம் படியில் நிற்பீர்கள், 4 வருடத்தில் 120 கிரெடிட்டோடு 6இல். பொதுப் பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6.

இந்த ஏணி தெரியாததால் எங்கள் வீட்டில் ஒரு பகிடி நடந்தது. மாமியின் மகள் கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழக நிலையத்தில் படிக்கிறாள். அவளுடைய தாளில் சிஎஸ்யூ3200 என்று கண்டுவிட்டு அம்மா, "இவள் 3ஆம் வருடத்துக்கு வந்திட்டாளே?" என்றா. அவள் சேர்ந்து 4 மாதம்தான். அங்கே பாட எண் வருடத்தைச் சொல்லாமல் சட்டகத்தின் படியைச் சொல்கிறது. முதல் வருடமே 3இல் தொடங்கும், அடுத்த இலக்கம் கிரெடிட். எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 1, கொக்குவிலில் 3, ஏறுவது ஒரே படி. எனக்கென்றால் கொக்குவில் முறைதான் நேர்மையானதாகப் படுகிறது. எங்கே நிற்கிறாய் என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

5இல் இறங்குவதால் உள்ளூரில் உடனே ஒன்றும் குறையாது. பட்டத்தைக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் காட்டும்போதுதான் குறை தெரியும். கனடாவில் முதுமாணிக்குப் பொதுவாக 4 வருடப் பட்டம் கேட்பார்கள், எங்கள் பெடியளில் பாதிப்பேரின் கண் அங்கேதான். விரிவுரையாளர் பதவிக்கும் சிறப்புப் பட்டக்காரர்தான் முன்வரிசை. நான் சொன்ன அந்த ஆசிரிய நண்பன் 6 வருடம் கழித்துக் கனடாவுக்கு விண்ணப்பித்தான். பெறுபேறு நல்லது, ஆனால் 90 கிரெடிட். இங்கேயே பின்பட்டப் படிப்பு ஒன்றைச் செய்துவிட்டுத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டி வந்தது. அன்று மிச்சம் பிடித்தது ஒரு வருடம், பிறகு கொடுத்தது 2 வருடமும் காசும். அந்த 30 கிரெடிட்டை உரிய நேரத்தில், இலவசக் கல்வியாகவே எடுத்திருக்கலாம்.

4ஆம் வருட ஆய்வும் சேர்த்தி. பிழைத்த அளவீட்டை ஏன் பிழைத்தது என்று 3 பக்கம் எழுதப் பழகியது அங்கேதான்.

இதெல்லாம் விஞ்ஞான பீடத்துக் கணக்கு. கலைப்பீடத்துப் பக்கம் நான் கன்ரீனுக்குப் போனதோடு சரி, அங்கே படிக்கிறவர்கள் தங்கள் பீடக் கையேட்டைப் பாருங்கள். வீட்டில் அடுப்பெரிய உங்கள் சம்பளம்தான் வழியென்றால் 3 வருடத்தோடு வாருங்கள், அதில் வாதாட ஒன்றுமில்லை.

தம்பி தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுப் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தால் நிமிர்ந்தான்.

"அண்ணை, இந்த செமஸ்டரில 3இல முடியிற பாடம் இன்னும் 2 கிடக்குது."

"எப்ப சோதினை?"

"வாற மாதம்."

அம்மா வடை பொரித்துக்கொண்டு வருவதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டான்.