ரெட் புல்லா, மான்ஸ்டரா: எதில் காஃபீன் அதிகம்?

இந்த இரண்டு எனர்ஜி டிரிங்க்குகளில் மான்ஸ்டரில்தான் காஃபீன் தூக்கல் என்று பலரும் நினைக்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

100 மி.லி.க்கு: இரண்டிலும் ஏறக்குறைய 32 மி.கி. ஆமாம், ஒரே அளவுதான்!

ஒரு டப்பாவுக்கு: ரெட் புல் 250 மி.லி., 80 மி.கி. மான்ஸ்டர் அரை லிட்டர், 160 மி.கி.

சர்க்கரை: சாதாரண ரெட் புல்லில் சுமார் 27 கிராம், மான்ஸ்டர் டப்பாவில் கிட்டத்தட்ட இரு மடங்கு.

சிக்கல் டப்பாவின் அளவில்தான். திறந்துவிட்டால் கேஸ் போய்விடுமே என்று மிச்சத்தையும் குடித்துவிடுவோம். உடலில் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதனால் சாயங்காலம் என்றால் சின்ன ரெட் புல்லே போதும். இரண்டு பேர் பங்கு போட்டுக் குடிப்பதென்றால் மான்ஸ்டர் சரி. பெரியவர்களுக்கே நாளுக்கு 400 மி.கி.தான் உச்சவரம்பு, மூன்றாவது மான்ஸ்டர் அதைத் தாண்டிவிடும்.